எட்டடி வேலியும் பத்தடிக் கூடையும்

பக்கத்துக் காணிக்காரரிடமே போய், தனக்கு ஒரு வேலி அடைத்துத் தரும்படி வாய்விட்டுக் கேட்ட ஆள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஞானாம்பிகை ரீச்சர் ஒருவர்தான். அவருக்கு முன் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. இனி எவரும் கேட்கப் போவதுமில்லை.

அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. தகப்பன் மலாயாவில் றெயில்வேக் கிளாக்கர். பிள்ளை பிறந்ததும் படித்ததும் ஈப்போவில். அங்கே வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் வெறும் புல்தான் இருக்குமாம். சீனப் பெண்களோடு சேர்ந்து கூடைப்பந்து ஆடிக் கிண்ணமும் வாங்கியவர். தகப்பன் பென்சன் எடுத்துக்கொண்டு ஊர் திரும்பியபோது தானும் வந்து, 1936ஆம் ஆண்டு தை மாதம், கொடிகாமத்துக்குக் கிட்ட மாதர் மேன்மைச் சபை நடத்திய பெண் பள்ளிக்கூடத்தில் ரீச்சராகச் சேர்ந்தார்.

மாதர் மேன்மைச் சபையில் மாதர் எவரும் இல்லை. மாதரின் மேன்மையை மாதர் கையிலேயே விட்டுவிட்டால் அது என்னாவது என்று பெரியவர்கள் பயந்து தொடங்கிய சபை அது. தலைவர் பிரக்கிராசி கனகசபாபதி, காணி வழக்குப் பேசுகிறவர். பேசுவதற்கு வழக்கு இல்லாத நாட்களில் தாமே ஒன்றைத் தொடங்குகிறவர். பள்ளிக்கூடத்துக்குக் கிழக்கே இருக்கும் புகையிலைத் தோட்டம் அவருடையது. செயலாளர் பஞ்சலிங்கம், அரசாங்கக் கச்சேரியில் தலைமைக் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுவதும் ஒரே கதிரையில் இருந்தவராகையால் தேகப்பயிற்சியைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. மூன்றாமவர் கோயிலை நிர்வகிக்கிற மணியம் இராசநாயகம். ஊரின் ஒழுக்கம் அவருடைய கண்ணில்தான் தங்கியிருக்கிறது என்று எல்லாரும் சொல்வார்கள், அவரும் சொல்வார்.

இந்தச் சபைக்குக் கூடைப்பந்து ஆசை வந்ததற்குக் காரணம் பொறாமை. பட்டணத்துக் கொன்வென்ற் பெண்கள் கூடைப்பந்து ஆடியதையும், ஒரு துரைசாணி வந்திருந்து கைதட்டியதையும் பத்திரிகையில் போட்டிருந்தார்கள். அன்றைக்குப் பிரக்கிராசியாருக்குச் சோறு இறங்கவில்லையாம்.

"கத்தோலிக்கப் பிள்ளையள் எறிஞ்சால் பந்து கூடைக்குள்ளை விழும், சைவப் பிள்ளையள் எறிஞ்சால் விழாதோ?" என்று கேட்டு ஞானாம்பிகையைக் கூப்பிட்டு அனுப்பினார். "ரீச்சர், நீர் ஒரு குழுவைக் கட்டும். புரட்டாதியிலை கொன்வென்ரைக் கூப்பிட்டு வெல்லுவம். பிள்ளையளுக்கு ஒற்றுமை வேணும், ஒழுக்கம் வேணும், அடக்கம் வேணும். விளையாடத் தெரிஞ்சால் அதுவும் நல்லதுதான்."

ஞானாம்பிகைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பள்ளிக்கூடத்தின் பின்வளவு நல்ல அகலமான வெளி. மேற்கே றோட்டு. கிழக்கு மூலையில் ஒரு வேப்பமரம், அதற்கப்பால் பிரக்கிராசியாரின் தோட்டம். இரண்டு பனங்குற்றிகளை நட்டு, பத்தடி உயரத்தில் இரும்பு வளையம் பூட்டி, சுண்ணாம்பால் கோடு கீறினார்கள்.

முதல் நாள் பிள்ளைகளுக்கு ஓட வரவில்லை. பெரிய பிள்ளையானபின் ஓடக்கூடாது என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தபடியால் கால் சொன்ன சொல் கேட்கவில்லை. தங்கமுத்து என்ற பெரிய வகுப்புப் பிள்ளை மற்ற எல்லாரையும்விட உயரம். உயர்ந்த பெட்டைக்கு மாப்பிள்ளை வராது என்று தாய் சொல்லிச் சொல்லிக் கூனி நடக்கப் பழகியிருந்தாள். பந்தை எறிவதற்காக அவள் முதன்முதலாக முதுகை நிமிர்த்தி நின்றபோது ஞானாம்பிகைக்குக் கண் கலங்கிவிட்டது. கிண்ணமும் வேண்டாம், பத்திரிகையும் வேண்டாம், இந்தப் பிள்ளை இந்த வெளியில் இப்படி நிமிர்ந்து நின்றால் போதும் என்று நினைத்தார். அந்த வெளிக்குத்தான் ஆபத்து வந்தது. அதை அழைத்து வந்தவரும் அவரேதான்.

றோட்டால் போகிற ஆண்கள் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்க்கத் தொடங்கினார்கள். பிள்ளைகள் கூசினார்கள். ஞானாம்பிகை நேரே தலைவரின் வீட்டுக்குப் போனார்.

"ஐயா, றோட்டுப் பக்கம் ஒரு வேலி அடைச்சுத் தந்தால் நல்லது."

பிரக்கிராசியார் கண்ணை மூடி அந்தச் சொல்லை அனுபவித்தார். எத்தனையோ வேலிகளுக்காக எத்தனையோ பேரோடு கோடேறி வழக்காடியவர் அவர். ஒருவர் தாமாக வந்து வேலி கேட்டது அவருடைய ஆயுளில் இதுதான் முதல் தடவை.

"தாறன் பிள்ளை," என்றார். "உமக்குப் போதும் போதும் எண்டு சொல்லுமட்டும் தாறன்."

கொடிகாமத்திலிருந்து பின்னிய தென்னோலைக் கிடுகு வண்டி வண்டியாக வந்து இறங்கியது. றோட்டுப் பக்கத்துக்குக் கேட்ட வேலி தோட்டப் பக்கத்தில் முதலில் எழும்பியது. றோட்டுப் பக்கம் பிறகுதான். எட்டடி உயரம். வேலை முடிந்த மறுநாள் பார்த்தால் வேப்பமரம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றது. மரங்கள் நடக்காது என்று ஈப்போவில் படிப்பித்திருந்தார்கள். இந்த ஊர் மரம் எப்படியோ என்று குழம்பிப்போன ஞானாம்பிகை, சுண்ணாம்புக் கோட்டைக் கொஞ்சம் உள்ளே தள்ளிக் கீறினார்.

சித்திரை பிறந்ததும் சபை அவசரமாகக் கூடியது. வேலியில் பொட்டுகள் விழுந்துவிட்டனவாம். கண் வைத்துப் பார்க்கிற அளவுக்கு ஓட்டைகள். கண்டுபிடித்தவர் மணியம் இராசநாயகம். எழுந்து நின்று தாம் பட்ட பாட்டைச் சொன்னார்.

"ஆரும் பாக்கக்கூடுமோ எண்டு அறியிறதுக்காக நான் ஒவ்வொரு நாளும் பின்னேரம் போய் ஒவ்வொரு பொட்டிலையும் கண்ணை வைச்சுப் பாத்தனான். மூண்டாம் பொட்டாலை பாத்தால் கூடை முழுக்கத் தெரியும். ஆறாம் பொட்டு கொஞ்சம் பதிவு, குனியவேணும், எண்டாலும் குறைசொல்ல ஏலாது. மழை பெய்த அண்டைக்கும் விடேல்லை. குடை பிடிச்சுக்கொண்டு பாத்தனான். பார்வை எண்டது எவ்வளவு கூடாத பழக்கம் எண்டு எனக்கு அப்பதான் விளங்கினது."

சபை அவருக்கு நன்றி சொல்லி, எழுந்து போய் மூன்றாம் பொட்டால் ஒருமுறை பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டு வந்து, முதல் வேலிக்கு உட்புறம் இன்னொரு வேலி அடைப்பதென்று ஏகமனதாகத் தீர்மானித்தது. இரண்டுக்கும் இடையில் காவற்காரன் நடக்க ஒரு பாதை விட்டார்கள். தோட்டப் பக்கத்தில் மட்டும் காவற்காரன் மிகவும் அகலமான ஆளாக இருந்திருக்க வேண்டும். அங்கே விட்ட பாதையில் ஒரு வண்டி போகலாம். காவற்காரன் வரவில்லை. புல் முளைத்துவிடும் என்று சொல்லி அதில் மிளகாய்க் கன்று நட்டார்கள். உள்ளே ஒரு வேலி இருக்கும்போது வெளியே இன்னொன்று வீண்செலவு என்று சொல்லி முதல் வேலியைப் பிடுங்கினார்கள். மிளகாய் தோட்டத்தோடு சேர்ந்துகொண்டது.

"ரீச்சர்," என்று தங்கமுத்து ஒருநாள் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள். "உது மறைப்புக்குப் போடுற வேலியில்லை. உது அரக்கிற வேலி. எங்கடை ஐயாவின்ரை காணியும் உப்பிடித்தான் போனது."

"அப்பிடியெண்டால்?"

"ஒவ்வொருக்கா அடைக்கேக்கையும் ஒரு கொஞ்சம் தள்ளித் தள்ளிப் போடுறது."

"சபைத் தலைவர் அப்பிடிச் செய்வாரே?"

தங்கமுத்து ரீச்சரை ஒருமுறை ஏறிட்டாள். பெரியவர்களை இப்படிப் பார்த்துப் பரிதாபப்படுவது மரியாதையில்லை என்று பந்தைப் பார்த்தாள்.

ஆனி மாதம் மூன்றாவது வேலி வந்தது. இந்தமுறை வழக்கை எடுத்துப் பேசியவர் செயலாளர் பஞ்சலிங்கம்.

"வேலி எட்டடி. கூடை பத்தடி. பந்து எறியேக்கை பிள்ளையளின்ரை விரல் வேலிக்கு மேலாலை தெரியுது. இண்டைக்கு விரல் தெரிஞ்சால் நாளைக்கு முழங்கை தெரியும். கூடையை இறக்கி இடுப்பளவிலை கட்டினால் என்ன?"

"ஐயா, கூடை பத்தடி எண்டது விளையாட்டின்ரை விதி," என்றார் ஞானாம்பிகை.

"விதியை எழுதினது ஆர்? அமெரிக்காக்காரன். அவன்ரை நாட்டிலை வேலி இருக்கோ? வேலி இல்லாதவன் எழுதின விதி எங்களுக்கு எப்பிடிப் பொருந்தும்?"

வேலியை உயர்த்துவோம் என்றால், சோளகக் காற்றில் எட்டடிக்கு மேல் கிடுகு நில்லாது என்று வேலைகாரர் சொல்லிவிட்டார்கள். உடனே பஞ்சலிங்கம் ஒரு படம் கீறி, வேலி எவ்வளவுக்கு உள்ளே போகிறதோ அவ்வளவுக்கு வெளியில் நிற்கிறவனின் பார்வை எட்டாது என்று நிறுவினார். அந்தப் படத்தில் றோட்டு இருந்தது, வேலி இருந்தது, பார்க்கிறவன் இருந்தான். விளையாடுகிற பிள்ளைகளுக்கு இடம் போதவில்லை. பிரக்கிராசியார் படத்தை வாங்கிப் பார்த்து, இப்படிப்பட்ட மூளையைக் கச்சேரி பென்சனில் அனுப்பிவிட்டதே என்று வருத்தப்பட்டார்.

இப்போது கூடைப்பந்து மைதானம் ஓர் ஒழுங்கை ஆகிவிட்டது. கையை விரித்தால் இரண்டு பக்கமும் கிடுகு உராயும். ஓடுவதற்கு இடமில்லை. நெடும் பந்து எறிய வழியில்லை.

போதாக்குறைக்குக் குழுவின் பண்பாட்டைப் பஞ்சலிங்கம் பொறுப்பெடுத்தார். புதன்கிழமை தோறும் பின்னேரம் வந்து ஒற்றுமை பற்றிப் பிரசங்கம் செய்வார். ஆணாகையால் உள்ளே வரமுடியாது. வெளியே கதிரை போட்டு வேலியைப் பார்த்துப் பேசுவார்.

"ஒரு குழு எண்டால் என்ன? நான் கச்சேரியிலை இருக்கேக்கை எனக்குக் கீழை இருந்த ஒருத்தனும் என்னைக் கேளாமல் மூச்சு விட்டதில்லை. அதுதான் குழு. உதிலை ஒரு பிள்ளைதான் கனக்கப் பந்து போடுதெண்டு கேள்விப்பட்டன். அது அகங்காரம். முறைவைச்சு ஆளுக்கொண்டு போடவேணும். முறை இல்லாத பிள்ளைக்குப் பந்து விழுந்தால் அதைத் திருப்பி எடுத்துப்போட வேணும். விளங்குதோ?"

"ஓம் ஐயா," என்று ஒரு குரல் வரும்.

அது யாருடைய குரல் என்று அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு புதனும் ஒரு பிள்ளை வேலியோரம் குந்தியிருந்து "ஓம் ஐயா" சொல்வாள். மற்றவர்கள் பேசாமல் விளையாடிக்கொண்டிருப்பார்கள். சத்தம் வெளியே கேட்டால் பிரசங்கம் நீளும் என்பதால் பந்தை நிலத்தில் தட்டாமல், ஒருவரையொருவர் கூப்பிடாமல், கண்சாடையும் இல்லாமல் கைக்குக் கை மாற்றப் பழகினார்கள். பஞ்சலிங்கத்தின் பேச்சால் அந்தக் குழுவுக்குக் கிடைத்த ஒற்றுமை அதுதான். ஓட இடமில்லாத தங்கமுத்து நின்ற நிலையிலேயே நிமிர்ந்து எறியப் பழகினாள். முதுகு கிடுகில் முட்டி நிற்கும். கூடையைப் பார்க்கவும் வேண்டியதில்லை, பந்து போய் விழும்.

புரட்டாதியில் கொன்வென்ற் பெண்கள் பஸ் பிடித்து வந்தார்கள். அவர்களுடைய தலைவி யசிந்தா, குருநகர்ப் பிள்ளை. வேலிக்குள் வந்து இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"ரீச்சர், விளையாடுற இடம் எங்கை?"

"இதுதான் பிள்ளை."

"இதிலை நாங்கள் எதிரெதிரை நிண்டால் பிறகு ஆர் நகருறது?"

ஞானாம்பிகை வெட்கத்தால் நிலத்தைப் பார்த்தார். ஆட்டம் தொடங்கியது. திறந்த வெளியில் ஆடிப் பழகிய கொன்வென்ற் பெண்கள் ஓட நினைத்த இடமெல்லாம் வேலியில் மோதினார்கள். பந்து எங்கே போகிறது என்று அவர்கள் தேடுவதற்குள் அது நாலு கை மாறித் தங்கமுத்துவிடம் வந்து கூடைக்குள் விழுந்துவிடும். எண்ணிக்கையைச் சொன்னால் கொன்வென்ருக்கு அவமானம், சொல்லாமல் விடுகிறேன். முடிவில் யசிந்தா கையிலிருந்த சிராய்ப்பை ஊதிக்கொண்டு தங்கமுத்துவிடம் வந்தாள்.

"நல்லாய் விளையாடுறியள். ஒருக்கா எங்கடை இடத்துக்கு வாங்கோ. ஓடி விளையாடுவம்."

தங்கமுத்து இரண்டு பக்கமும் நின்ற கிடுகைப் பார்த்தாள். வென்ற சந்தோசத்தை அந்த ஒரு சொல் தின்றுவிட்டது.

வெளியே பரிசளிப்பு ஏற்கெனவே தொடங்கியிருந்தது. ஆட்டத்தைப் பார்க்க முடியாதபடியால் அது முடியுமட்டும் காத்திருக்க வேண்டிய அவசியம் சபைக்கு இருக்கவில்லை. பிள்ளைகள் ஆண்கள் முன் வரக்கூடாதென்பதால் கிண்ணத்தைத் தலைவர் தம் கையால் எடுத்துத் தாமே வாங்கிக்கொண்டார். பிறகு பேசினார்.

"இந்த வெற்றி ஆரின்ரை வெற்றி? ரீச்சரின்ரையோ? இல்லை. பிள்ளையளின்ரையோ? இல்லை. வேலியின்ரை வெற்றி. முதல் வேலி போட்டம், பிள்ளையள் விளையாடப் பழகிச்சினம். இரண்டாம் வேலி போட்டம், கெட்டித்தனம் வந்தது. மூண்டாம் வேலி போட்டம், கிண்ணம் வந்தது. அப்ப நாலாம் வேலி போட்டால் என்ன வருமெண்டு சபையார் யோசிக்க வேணும். நான் என்ரை சொந்தக் கிடுகைத் தாறன். எனக்கெண்டு நான் எதையும் கேட்கேல்லை. இந்தப் பிள்ளையளுக்காக என்ரை தோட்டத்தை எவ்வளவு தூரத்துக்கு விரிக்கவும் நான் ஆயத்தமாய் இருக்கிறன்."

பெரிய கைதட்டல். வேலியின் உள்ளிருந்து ஞானாம்பிகையின் குரல் வந்தது.

"ஐயா, இனி ஒரு வேலி போட்டால் விளையாட இடம் இராது."

"பிள்ளை, வேலி கேட்டது நீர். நாங்களோ கேட்டனாங்கள்? குமர்ப்பிள்ளையளுக்கு இப்ப வேலி வேண்டாம் எண்டு நீர் சொன்னால் ஊர் என்ன கதைக்கும்? உமக்கும் இன்னும் கலியாணம் ஆகேல்லை."

ஞானாம்பிகைக்கு அழுகை வந்தது. அழுகையைவிடக் கோபம் வந்தது. அவ்வளவு மாதம் தன்னைக் கொண்டே தன் பிள்ளைகளின் வெளியைத் தின்றிருக்கிறார்கள் என்று அப்போதுதான் முழுதாக விளங்கியது. திரும்பிப் பார்த்தார். தங்கமுத்து மறுபடி கூனி நின்றாள்.

நாலாம் வேலி ஐப்பசியில் வந்தது. கூடைத் தூண்களில் ஒன்றைப் பிடுங்கி எறிந்துவிட்டார்கள். மற்றத் தூண் ஆழமாக நட்டது, அசையவில்லை. அதை அப்படியே விட்டு, பள்ளிக்கூடச் சுவரை அண்டினாற்போல வேலியை அடைத்துவிட்டார்கள். மழை ஓயப் பின்வளவு முழுவதும் புகையிலை நடப்பட்டது. நடுவில் தூண் மட்டும் தனியே நின்றது.

ஒரு விடயத்தைச் சபை மறந்துவிட்டது. வேலி எட்டடி. கூடை பத்தடி. பள்ளிக்கூடப் பக்கமிருந்து பார்த்தால் கிடுகுக்கு மேலே இரும்பு வளையம் வடிவாகத் தெரிந்தது.

மாசி மாதம் ஒரு பின்னேரம் தங்கமுத்து பந்தை எடுத்தாள். சுவரில் முதுகை முட்டி நின்றாள். அப்படி நின்று எறியத்தான் சபை அவளைப் பழக்கியிருந்தது. நிமிர்ந்தாள், எறிந்தாள். பந்து வேலிக்கு மேலாகப் போய் வளையத்துக்குள் விழுந்து, கீழே முற்றி நின்ற புகையிலைக்குள் இறங்கியது. சடசடவென்று சத்தம் கேட்டது.

"ரீச்சர், ஏசுவியளோ?"

"அடுத்த ஆள் எறியட்டும்," என்றார் ஞானாம்பிகை.

ஒவ்வொரு பின்னேரமும் பந்து போனது. ஒரு பிள்ளை கிடுகை விலக்கி நுழைந்து எடுத்துவந்தாள். புகையிலை கிழிந்தது. இதற்குப் பிரக்கிராசியார் செய்யக்கூடியவை பல இருந்தன. ரீச்சரை வேலையை விட்டு நிறுத்தலாம். பந்தை வாங்கிப் பூட்டி வைக்கலாம். அந்தத் தூணை வெட்டி அடுப்பெரிக்கலாம். ஆனால் தம் காணிக்குள் அயலான் பொருள் வந்து விழுந்தால் அவருடைய இரத்தத்துக்கு ஒரே ஒரு காரியம்தான் தெரியும். ரீச்சர்மேல் வழக்குப் போட்டார்.

நீதிமன்றத்தில் ஊரே கூடியிருந்தது. புகையிலை நட்டத்தைப் பிரக்கிராசியார் தாமே உருக்கமாக எடுத்துரைத்தார். நீதிபதி கேட்டார்.

"பந்து ஏன் திரும்பத் திரும்ப அதே இடத்தில் விழுகிறது?"

"அங்கை ஒரு தூண் நிற்குது ஐயா. அதிலை கூடை இருக்கு."

"தூண் யாருடையது?"

"பள்ளிக்கூடத்தினுடையது."

"பள்ளிக்கூடத்துத் தூண் உமது தோட்டத்தின் நடுவில் எப்படி வந்தது?"

பிரக்கிராசியார் எத்தனையோ சாட்சிகளை இதே கேள்வியால் மடக்கியவர்.

"தூண் கொஞ்சம் கொஞ்சமாய் அரக்கி வந்திருக்கலாம் ஐயா."

நீதிமன்றத்தில் எவரும் சிரிக்கவில்லை. அதை நிரூபிக்கத் தம்மிடம் பழுதற்ற சாட்சி இருப்பதாகச் சொல்லி அவர் மணியம் இராசநாயகத்தைக் கூண்டில் ஏற்றினார். மணியத்தார் திருநீறும் சால்வையுமாக ஏறி, பொய் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் பண்ணினார். பாவம், சொல்லவும் இல்லை.

"நான் ஒரு நாளும் தவறாமல் பாத்தவன் ஐயா. முதலாம் வேலியின்ரை பொட்டாலை பாக்கேக்கை தூண் வெளியின்ரை நடுவிலை நிண்டது. இரண்டாம் வேலிப் பொட்டாலை பாக்கேக்கை ஒரு கரையிலை நிண்டது. மூண்டாம் வேலிக்குத் தோட்டக் கரையோடை ஒட்டினாப்போலை நிண்டது. நாலாம் வேலி அடைச்ச பிறகு பொட்டாலை பாத்தால் பள்ளிக்கூடச் சுவர் மட்டும்தான் தெரியுது. தூண் எனக்குப் பின்னாலை நிக்குது."

"அப்படியானால் நகர்ந்தது எது?"

"என்ரை பொட்டுத்தான் ஐயா."

பிரக்கிராசியார் தாமே அழைத்த சாட்சியை உட்காரச் சொன்னார். நீதிபதி உட்கார வேண்டாம் என்றார். அன்றைக்கே ஒரு கட்டளை பிறந்தது. நில அளவையாளர் வந்து உண்மையான எல்லையை அளந்து சொல்லுமட்டும் அந்த நிலத்தில் ஒருவரும் வேலி போடக்கூடாது, ஒருவரும் பயிர் வைக்கவும் கூடாது. நின்ற வேலியை வாதியே பிடுங்க வேண்டும். பந்தைப் பற்றிக் கட்டளையில் ஒன்றும் சொல்லப்படவில்லை.

வேலி போனதும் வெளி முழுவதும் வந்தது. வேப்பமரமும் திரும்பி வந்தது. ஞானாம்பிகை இரண்டாவது தூணை நட்டு, பழைய சுண்ணாம்புக் கோட்டின் மேலேயே கோடு கீறினார். றோட்டால் போகிறவர்கள் முதலில் கும்பலாக நின்று பார்த்தார்கள். பிள்ளைகள் கூசாமல் ஓடியதைக் கண்டபிறகு அதில் அவர்களுக்குச் சுவை இருக்கவில்லை, தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கப் போய்விட்டார்கள். மணியத்தார் மட்டும் சில நாள் வந்து பார்த்தார். பொட்டு இல்லாமல் பார்க்க அவருக்கு ஒன்றும் தெரியவில்லை, அவரும் நின்றுவிட்டார். கொன்வென்ற் பெண்கள் மறுபடி வந்தபோது யசிந்தா ஓடினாள், தங்கமுத்து ஓடினாள், கொன்வென்ற் வென்றது. அன்றைக்குத் தோற்ற பிள்ளைகள் சிரித்த சிரிப்பு பிரக்கிராசியாரின் வீடுவரைக்கும் கேட்டது.

நில அளவையாளர் இன்னும் வரவில்லை. பிரக்கிராசியார் தவணைக்குத் தவணை புதுப்புது மனுப் போட்டு வழக்கை நடத்திக்கொண்டிருக்கிறார். தோற்றால் மானம் போகும், விட்டால் அதைவிடப் போகும். ஞானாம்பிகை இப்போது எதற்கும் அவசரப்படுவதில்லை. இது யாழ்ப்பாணத்துக் காணி வழக்கு. இன்னும் பிறக்காத பிள்ளைகளும் அந்த வெளியில் நிமிர்ந்து நின்று ஆடி முடித்த பிறகுதான் தீரும்.